துரையின் காருக்கு டீசல் என்ஜின்

இப்போது பழைய கார் வைத்திருப்பவர்கள் அதற்குள் ஜப்பான் என்ஜினைப் பூட்டி, ஏசி வைத்து, ஏப்ரல் மாதம் நுவரெலியாவுக்கு வரிசையாக ஏறி வருகிறார்கள். வெளியே பார்த்தால் வெள்ளைக்காரன் காலத்து வண்டி, உள்ளே நேற்று வந்த சாமான். நான் வேலை பார்த்த ஹட்டன் கராஜுக்கு அப்படி ஒன்று ஏதோ கோளாறோடு வந்து நின்றதாம். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"பாஸ், நீங்க அந்தக் காலத்துலயே இப்படி ஒண்ணு செஞ்சீங்களாமே? கம்ப்யூட்டர் இல்லாம, கேட்டலாக் இல்லாம எப்படிங்க செஞ்சீங்க?"

எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. கை இருந்தது, கண் இருந்தது, செய்தோம். இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது? அந்தக் காலம் போல வருமா என்று பேசுகிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது. ஜனவரி மாதக் காலையில் ஸ்பானரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். ஒரு போல்ட் உடைந்தால் அதேபோல் ஒன்று கடைந்து வாங்கத் தேயிலை பேக்டரி ஆட்களிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். நல்ல காலமாம், நல்ல காலம்! இருந்தாலும் வீடு தேடி வந்து கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நான் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். 1948இல் ஹட்டனில் காசிம் நானாவின் கராஜில் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், டயர் கழற்றினேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் வேலை என் கைக்கு வந்தது. மலையில் ஓடுகிற வண்டிக்கு என்ஜின் கெட்டால் நின்றுவிடும், பிரேக் கெட்டால் நிற்காது. அதனால் பிரேக் வேலை தெரிந்தவனுக்குக் கராஜில் கொஞ்சம் மரியாதை உண்டு.

காசிம் நானா முதலாளி மட்டுமல்ல, எங்களுக்குப் பெரிய பாஸும், அதாவது தலைமை மெக்கானிக்கும், அவர்தான். வெள்ளைத் தொப்பி, முழங்காலுக்கு மேல் மடித்த சாரம், தோளில் எண்ணெய்த் துண்டு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டுத் தொலைத்தால் தேவலை என்று நாங்கள் பலமுறை நினைத்ததுண்டு. நாம் பூட்டியது சரியில்லை என்றால் பக்கத்தில் வந்து நிற்பார். நம் கையிலிருந்து ஸ்பானரை வாங்குவார். பூட்டிய ஒவ்வொன்றையும் கழற்றிச் சாக்கின் மேல் ஒழுங்காக அடுக்குவார். ஸ்பானரை நம் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எங்கே பிழை என்று சொல்லமாட்டார். அதை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். வேலை சரியாக இருந்தால் அடுத்த வேலையைச் சொல்வார். பாராட்டு என்றால் அவரிடம் அவ்வளவுதான்.

அவர் கராஜில் ஒரு சட்டம் இருந்தது. எந்த வண்டிக்குப் பிரேக் வேலை செய்தாலும், செய்தவன் முதல் இறக்கத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். "பூட்டினவன் உக்காரட்டும்" என்பார். வேறு பேச்சே கிடையாது. பிரேக் வேலையில் எங்களை அடிக்க ஆளில்லை என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். உயிர்ப் பயம் ஐயா, வேறென்ன!

இனி அந்தக் காருக்கு வருகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியில் அரசாங்கம் கையை வைத்திருந்த காலம். புதுக் கார் இல்லை, பழைய காருக்கு உதிரிப்பாகமும் இல்லை. ஹட்டனுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரைக்கு ஒரு கார் இருந்தது. முப்பதுகளில் இங்கிலாந்தில் செய்த பெரிய பெட்ரோல் கார். நீண்ட மூக்கு, கரும்பச்சை நிறம், உள்ளே தோல் சீட்டு. முந்தைய துரை அதை வைத்திருந்து, சீமைக்குத் திரும்பும்போது தோட்டத்துக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை ஓட்டியவர் அங்கமுத்து அண்ணன்.

அந்தக் காரை ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கியர் மாற்றக் கிளச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். நடுவில் ஆக்சிலேட்டரைச் சற்றே தட்டி, என்ஜின் சத்தத்தைக் காதால் பிடித்து, அந்த நொடியில் கம்பியைத் தள்ள வேண்டும். நொடி தப்பினால் பல்லோடு பல் உரசி ஊரே திரும்பிப் பார்க்கும். அங்கமுத்து அண்ணன் ஓட்டினால் கியர் மாறுவதே தெரியாது. புதுத் துரை வந்த புதிதில் ஒரு நாள் தானே ஓட்டிப் பார்த்தாராம். பங்களா வாசலைத் தாண்டுவதற்குள் சமையல்காரர், தோட்டக்காரர், நாய் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அங்கமுத்து அண்ணனுக்கு இன்னொரு திறமையும் உண்டு. அதை மலைநாட்டு டிரைவர்கள் எல்லாரும் திறமை என்றுதான் சொல்வார்கள். இறக்கம் வந்தால் என்ஜினை நிறுத்திவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியை உருட்டி விடுவது. ஹட்டனிலிருந்து வட்டவளைப் பக்கம் ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் இறங்கிவிடலாம். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபோது பழகியது, கூப்பன் போன பிறகும் போகவில்லை. யார் அதிக தூரம் உருட்டுகிறார்கள் என்று டிரைவர்களுக்குள் போட்டியே நடக்கும். அங்கமுத்து அண்ணன் அதில் ராஜா.

ஒரு நாள் காலையில் அவர் பஸ்ஸில் வந்து கராஜில் இறங்கினார். பஸ்ஸில் வந்த அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

"என்னண்ணே, வண்டி எங்க?"

"படுத்துருச்சு தம்பி. என்ஜின் பிளாக்குல வெடிப்பு. அடிச்சட்டத்துல பின்பக்கம் விரலை விடலாம், அவ்வளவு ஓட்டை." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "துரை இரும்புக்குப் போடச் சொல்லிட்டாரு. போட்டா நான் எங்க போவேன்?"

விஷயம் இதுதான். அவர் பேர் மலை வேலை செய்கிறவர்களின் சம்பளப் பதிவான செக்ரோலில் இல்லை, பங்களாக் கணக்கில் இருந்தது. பங்களாவுக்குக் கீழே டிரைவருக்கென்று ஒரு தனி வீடு. பலகைத் தரை, ஓட்டுக் கூரை, குளிருக்கு ஓர் அடுப்பு. அவர் மனைவிக்கு இழுப்பு நோய். ஈரத் தரையில் படுத்தால் அந்த அம்மாவுக்கு மூச்சு விட முடியாது. கார் இல்லையென்றால் டிரைவர் இல்லை, டிரைவர் இல்லையென்றால் வீடு இல்லை. ஐம்பதைத் தாண்டிய அவருக்குக் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கவும் தெரியாது.

"வண்டி போனா வீடு போயிரும் நானா," என்று காசிம் நானாவிடம் நேராகவே சொன்னார். "எப்படியாவது அதை ஓட வச்சுக் குடுங்க."

காசிம் நானா மறுநாள் தோட்டத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. காரைச் சுற்றி வந்தார். கீழே சாக்கை விரித்துப் படுத்து உள்ளே போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கதவைத் திறந்து திறந்து மூடினார். அந்தக் கதவு மூடுகிற சத்தத்தை இன்றைக்கும் சொல்லலாம், தடித்த புத்தகத்தை மூடியது போல இருக்கும்.

"மேல வீடு நல்லா ஈக்கி," என்றார். "கீழதான் ஒண்டும் இல்ல."

தோட்டத்துக்கு ஒரு டீசல் வான் வண்டி இருந்தது. அது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பள்ளத்தில் உருண்டு, மேல் பாகம் நசுங்கிக் கிடந்தது. வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு, பிரேக் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. காசிம் நானா துரையிடம் போய், அந்த வானின் உள்ளுறுப்புகளை இந்தக் காருக்குக் கீழே வைத்துத் தருகிறேன் என்றார். அடிச்சட்டத்தை நானே செய்துகொள்கிறேன் என்றும் சொன்னார். துரைக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு கார் கிடைக்கிற காலமும் இல்லை. "செஞ்சு காட்டு. சரியா போனா வச்சுக்குறது. இல்லாட்டி ரெண்டும் இரும்பு," என்றார் தோட்டத் துரைமாருக்கே உரிய தமிழில்.

வேலையை எப்படிச் செய்தோம் என்றுதானே கேட்டார்கள், சொல்கிறேன்.

முதலில் உடம்பைச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டும். அந்தக் காலத்துக் காரின் உடம்பு மரச் சட்டகத்தின் மேல் தகடு அடித்தது. அப்படியே தூக்கினால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு ஜென்மத்துக்கும் கதவு மூடாது. அதனால் கதவுகளைக் கழற்றி, கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்து இறுக்கினோம். அதற்குப் பிறகுதான் கப்பியில் சங்கிலி போட்டுத் தூக்கி, ரயில்வே சிலிப்பர் கட்டைகளின் மேல் உட்கார வைத்தோம்.

அடுத்தது அளவு. எங்கள் கராஜின் தரை ரோட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். மலையில் சரியாத தரை ஏது? தரையை நம்பி அளந்தால் சட்டம் கோணிவிடும். நீண்ட ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் கண்ணாடிக் குழாயைச் செருகி, தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் மட்டத்தை வைத்து நான்கு மூலைக்கும் கட்டை கொடுத்துச் சமன் செய்தோம். உடம்பில் போல்ட் போகும் ஒவ்வொரு துளையிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டு, கீழே விரித்த பலகையில் புள்ளி வைத்தோம். மூலைக்கு மூலை கம்பி பிடித்துப் பார்த்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை காசிம் நானா அந்தப் பலகையை விட்டு நகரவில்லை. கொஞ்சம் வித்தியாசம் வந்தது. "தகட்டுக் கனம் கூட இல்ல நானா," என்றேன். அவர் எல்லாப் புள்ளியையும் துண்டால் அழித்துவிட்டுக் குண்டை என் கையில் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தேன். உள்ளுக்குள் திட்டிக்கொண்டுதான் அளந்தேன்.

இரும்பு தோட்டத்திலேயே கிடைத்தது. மேல் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு பேக்டரிக்கு இறக்க ஒரு காலத்தில் தூண்கள் நட்டிருந்தார்கள். லொறி ரோடு வந்தபின் அவற்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அந்தச் சானல் இரும்பு எங்களுக்குப் போதுமாக இருந்தது. நீளமாக இரண்டு, குறுக்கே ஐந்து. எல்லாவற்றையும் வெல்டிங் பிடித்துவிடலாம் என்றேன். காசிம் நானா ஒத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் பிடித்த இடத்துக்கு ஓரத்தில் இரும்பு விறைத்துப்போகும், நம் ரோட்டுக் குலுக்கலில் அங்கேதான் கீறல் விடும் என்பது அவர் எண்ணம். ஆகவே ரிவெட். உலையில் சிவக்கக் காய்ச்சிய ரிவெட்டை ஒருவன் இடுக்கியில் கொண்டுவருவான், ஒருவன் பின்னால் முட்டுக் கொடுப்பான், நான் அடிப்பேன். ஆறியதும் காசிம் நானா ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவார். விரலில் அதிர்வு பட்டால் அந்த ரிவெட் போச்சு, வெட்டி எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும்.

டீசல் என்ஜின் உயரம் கூடியது, முன் அச்சின் மேல் இடித்தது. நானும் நானாவும் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளினோம். அதற்காகக் கால் வைக்கும் பலகையை வெட்டி, ஸ்டியரிங் தண்டின் சாய்வை மாற்றினோம். என்ஜின் எந்தச் சாய்வில் இருக்கிறதோ பின் அச்சும் அதே சாய்வில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் சுழலும் தண்டு வண்டியையே உதறும். காசிம் நானா தச்சரின் கோணமட்டத்தை இரவல் வாங்கி வந்து இரண்டையும் ஒப்பிட்டார். டீசலின் நடுக்கம் மர உடம்புக்குப் போகாமலிருக்க, பழைய லொறி டயரில் வெட்டிய ரப்பரை அடுக்கி என்ஜினை அதன் மேல் உட்கார வைத்தோம்.

பிரேக் என் வேலை. பழைய காருக்குக் கம்பி இழுக்கிற பிரேக், காலில் பலம் இருந்தால் பிடிக்கும். வானின் பிரேக் வேறு மாதிரி. எண்ணெய் அழுத்தத்தில் பிடிப்பது, அதோடு சேர்வோ என்று ஒரு டப்பா இருந்தது. என்ஜின் ஓடும்போது அந்த டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். நாம் லேசாக மிதித்தால் போதும், டப்பா நமக்காக மிதிக்கும். கனமான காருக்கு அது இல்லாமல் முடியாது. எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் விட்டு, காற்றெடுத்து, பத்துத் தடவை மிதித்துப் பார்த்துத் திருப்தியானேன். காசிம் நானாவும் மிதித்துப் பார்த்தார். அடுத்த வேலையைச் சொன்னார்.

முதல் ஓட்டத்துக்கு அங்கமுத்து அண்ணன் வெளுத்த கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டப்படி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏற்றத்தில் வண்டி வெளுத்து வாங்கிவிட்டது. பழைய என்ஜின் முக்கி முனகி ஏறிய இடத்தில் இது பேசிக்கொண்டே ஏறியது. கியர் மாற்ற இரண்டு மிதி தேவையில்லை, காது தேவையில்லை, தள்ளினால் விழுந்தது. அவருக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது," என்று மட்டும் சொன்னார்.

மேட்டில் திரும்பி வட்டவளைப் பக்கம் இறங்க ஆரம்பித்தோம். நான் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அண்ணன் என்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்துவிட்டு, நியூட்ரலில் வண்டியை உருட்டிக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறார்!

முதல் முடக்கு வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவது முடக்கிலும் பிடித்தது. டப்பாவில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். மூன்றாவது முடக்கு திரும்பியதும், மத்தியான நிறுவைக்குக் கொழுந்துக் கூடையோடு பொம்பளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் மிதித்தார்.

"தம்பி, கல்லு மாதிரி இருக்கு! எறங்க மாட்டேங்குது!"

அவர் கைபிரேக்கை இழுத்தார். பின்னால் கருகிய நாற்றம் வந்ததே தவிர வண்டி அடங்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. குமிழை உள்ளே தள்ளிவிட்டு, "மூணுல போடுங்கண்ணே! போட்டு கிளச்சை விடுங்க!" என்று கத்தினேன். போட்டார். சக்கரம் என்ஜினைச் சுற்றிவிட, அது இருமிப் பிடித்துக்கொண்டது. வண்டி முன்னால் குப்புற விழுவது போல் இழுபட்டது. அண்ணன் விடாமல் மிதித்தார். டப்பாவுக்கு உயிர் வந்து, பெடல் இறங்கி, கடைசியில் போன பொம்பளைக்கு ஒரு கைத்தூரத்தில் வண்டி நின்றது.

"அடப் பாவிகளா! கொல்லவா வந்தீங்க? ஹாரன் அடிக்கக் கையில்லையாடா?" என்று அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வைது தீர்த்தார்.

"கை தானா குமிழுக்குப் போயிருச்சு தம்பி," என்றார் அண்ணன். "நான் நெனக்கவே இல்ல. கை போயிருச்சு."

கராஜுக்குள் வண்டி நுழைந்ததுமே காசிம் நானா மூக்கைத் தூக்கினார். "கைபிரேக் நாத்தம் வருது. என்னத்துக்கு இழுத்தது?"

நான் வாயைத் திறக்குமுன் அங்கமுத்து அண்ணனே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கேட்டுவிட்டுக் காசிம் நானா குமிழை எடுத்து பானட்டுக்குள் வைக்கச் சொன்னார். என்ஜினை நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பானட்டைத் திறந்துதான் நிறுத்த வேண்டும்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "சின்னப் புள்ளைக்கு எட்டாம தீப்பெட்டிய மேல வைக்கிறாப்புல இருக்கு நானா. துரை என்னன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? எனக்கு ஒரு கிழமை குடுங்க. இந்தக் கையைப் பழக்கிக் காட்டுறேன்."

காசிம் நானா குமிழை இருந்த இடத்திலேயே விடச் சொன்னார். மறுநாள் காலையில் நான் பக்கத்துச் சீட்டில் ஏறப் போனபோது என்னை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

"பிரேக் போட்டது நான்தானே நானா," என்றேன்.

"இது பிரேக் வேல இல்ல," என்றார்.

அந்தக் கிழமை ஏழு நாளும் இருவரும் அந்த இறக்கத்தில் போய் வந்தார்கள். அண்ணன் குமிழில் பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். கை தானாகப் போனாலும், கம்பளி பட்டதும் சுதாரித்துக்கொள்வதற்காக. முதல் இரண்டு நாள் கை போய்க்கொண்டே இருந்ததாம், கம்பளி பட்டதும் திரும்பியதாம். கிழமை முடிவில் கம்பளியை அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கினார், கை போகவில்லை. அந்த வயதில் இவ்வளவு கால வழக்கத்தை ஒரு கிழமையில் விட்ட மனிதனை நான் வேறு பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அன்றைக்குத்தான் முழுசாயிற்று.

பிறகு துரை பார்க்கிற நாள். துரை பின் சீட்டில், காசிம் நானாவும் நானும் முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு. தோட்டத்து ரோட்டில் பேக்டரிவரை ஏறினோம், இறங்கினோம். அண்ணன் ஒரு பிழை விடவில்லை. என்ஜின் ஓட ஓட, சரியான கியரில், சாமி புறப்பாடு போல இறக்கினார். வண்டி தேறிவிட்டது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அண்ணன் காதோரம் வேர்த்திருந்தது. வீடு தப்பிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

பேக்டரி வாசலில் துரை அண்ணன் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

"டிரைவர், நீ எறங்கு. நான் ஓட்டிப் பாக்குறது."

அண்ணன் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரை ஏறினார். கியரைத் தள்ளினார், விழுந்தது. இன்னொன்றைத் தள்ளினார், அதுவும் விழுந்தது. ஒரு கிறீச்சும் இல்லை. பங்களாவரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதுச் சட்டை போட்ட பையன் மாதிரி இருந்தது. காசிம் நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். என் கையையும் குலுக்கினார். அண்ணனைப் பார்த்துச் சிரித்தார், நல்ல மனதோடுதான் சிரித்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் துரை தன் காரைத் தானே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். பங்களாக் கணக்கில் டிரைவர் என்ற வேலை இல்லாமல் போயிற்று. அங்கமுத்து அண்ணனை மலையில் கவ்வாத்து வேலைக்கு அனுப்பலாம் என்றார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மனைவியோடு கந்தப்பளையில் மகள் இருந்த மண் தரை லயத்து அறைக்குப் போய்விட்டார்.

சேதி வந்ததும் காசிம் நானா சாரத்தை மாற்றிக்கொண்டு துரையைப் பார்க்கப் போனார். அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் போகிறவர் இல்லை. திரும்பி வந்து வெகு நேரம் கை கழுவினார். நான்தான் கேட்டேன்.

"துரை என்ன சொன்னாரு நானா?"

"'நீதானே அவ்வளவு சுகமா செஞ்சு குடுத்தது'ன்டு சொன்ன." துண்டை உதறித் தோளில் போட்டார். "பொய்யில்லயே."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. துரை ஏமாற்றவில்லை. நாங்கள் வேலையில் குறை வைக்கவில்லை. அந்தக் காரை ஓட்ட ஒரு ஆள் வேண்டியிருந்த கஷ்டம் எதுவோ, அதைத்தான் நாங்கள் அளந்து, ரிவெட் அடித்து, கோணம் பார்த்து இல்லாமல் செய்திருந்தோம். வேலை நடந்தபோது எங்களில் ஒருவருக்கும், அங்கமுத்து அண்ணனுக்கும்கூட, இது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அப்படி என்ஜின் மாற்றித் தரச் சொல்லிப் பலர் வந்தார்கள். ஹட்டன் கடைக்காரர்கள், தோட்டத்து டாக்டர், வாடகைக் கார்க்காரர்கள். காசிம் நானா வண்டியைச் சுற்றி வருமுன், பானட்டைத் திறக்குமுன், முதலில் "இத இப்ப யாரு ஓட்டுற?" என்று கேட்பார். வந்தவர்களுக்கு அது ஏன் என்று புரியாது. "நானே ஓட்டுறேன்" என்றால் வேலையை எடுப்பார். டிரைவர் ஓட்டுகிறார் என்றால், அந்த டிரைவரைக் கூட்டி வரச் சொல்வார். சில வேலைகளை எடுக்காமல் விட்டதும் உண்டு.

அறுபத்து நாலோ அஞ்சோ, ஒரு பஸ்ஸுக்குப் பிரேக் பார்க்கக் கந்தப்பளைக்குப் போயிருந்தேன். ரோட்டோரம் ஒரு கொழுந்து லொறி நின்றது. மேலே ஒருவர் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கமுத்து அண்ணன். லொறியில் கிளீனர் வேலை. முன்னால் ஸ்டியரிங்கில் மகன் வயது டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கீழே குதித்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டு அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மழைக் காலத்தில் உட்கார்ந்தபடிதான் தூக்கம் என்றார். தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தோம்.

பாதி டீ குடித்ததும் கேட்டார்.

"நம்ம வண்டி எப்படி ஓடுது தம்பி?"

"ஒரு கரைச்சலும் இல்லண்ணே. இன்னைக்குவரைக்கும் ஒருதரம் கூடக் கராஜுக்கு வரல," என்றேன். வேலை செய்தவனுக்கு உள்ள பெருமையோடுதான் சொன்னேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு நாளாவது நடுரோட்டுல நின்னுச்சுன்னு சொல்லக்கூடாதா தம்பி?"

அதற்குள் லொறி ஹாரன் அடித்தது. மிச்ச டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.